முள் எங்கே தைத்தது, எத்தனை விநாடி?

2008 மார்ச்சில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில், பலசரக்குக் கடை ஒன்றில் வேலை பார்த்த 17 வயதுப் பையனுக்கும் மேலாளருக்கும் தகராறு. போலீஸ் வந்தது. பையன் கையில் ஆயுதம் இல்லை. வந்த காவலர் டேசர் எனப்படும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் அவன் மார்பைக் குறிவைத்துச் சுட்டார். சுட்டபின் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. கருவியின் பதிவேட்டில் பிறகு பார்த்தபோது விசை 37 விநாடி அழுத்தப்பட்டிருந்தது. பையன் கீழே விழுந்தான், பிழைக்கவில்லை. கருவியைத் தயாரித்த டேசர் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மீது பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மார்பில் சுட்டால் இதயத்துக்கு ஆபத்து நேரலாம் என்று காவல்துறைகளை நிறுவனம் எச்சரிக்கத் தவறியது என்று 2011இல் ஜூரி தீர்ப்பளித்து, 1 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில் தொகையை மட்டும் மறுபடி கணக்கிடச் சொன்னார்கள். நிறுவனத்தின் பொறுப்பு பற்றிய முடிவு அப்படியே நின்றது.

அதே 2011இல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனம், டேசருக்குப் பின் நேர்ந்த மரணங்களை மருத்துவர் குழுவைக் கொண்டு ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. குறுகிய நேர மின்னதிர்ச்சியால் உயிருக்குப் பெரிய ஆபத்து உண்டு என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை என்றது அந்த அறிக்கை.

இரண்டில் எதை நம்புவது? டேசர் பற்றிப் பேசுகிற பெரும்பாலானோர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறார்கள். காவல்துறைச் சங்கங்கள் அறிக்கையைக் காட்டும், மனித உரிமை அமைப்புகள் தீர்ப்பைக் காட்டும். என் பார்வையில் இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. அறிக்கையின் வாசகத்தை முழுதாகப் படித்தால், ஆரோக்கியமான, இயல்பான, பதற்றமில்லாத, போதையில் இல்லாத மனிதர்களைப் பற்றித்தான் அது அப்படிச் சொல்கிறது என்று தெரியும். ஆரோக்கியமாக, பதற்றமில்லாமல், போதையில்லாமல் நிற்கிற ஆளைப் போலீஸ் ஏன் சுடப்போகிறது என்ற கேள்வி இருக்கட்டும். 37 விநாடி என்பதும் குறுகிய நேரம் அல்ல. டேசர் இதயத்துக்குப் பாதுகாப்பானதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. முள் எங்கே தைத்தது, எத்தனை விநாடி ஓடியது, யார் உடம்பில் ஓடியது என்று பிரித்துக் கேட்டால்தான் வரும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். டேசரின் முனையில் ஒரு தோட்டா உறை பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் அதில் அடைத்துள்ள நைட்ரஜன் வாயு இரண்டு சிறு அம்புகளை வெளியே தள்ளும். ஒவ்வொன்றின் நுனியிலும் தூண்டில் முள் போல ஒரு கொக்கி, நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பின்னால் முடி போல மெல்லிய கம்பி, அது கருவிவரை நீளும். மேல் அம்பு நேராகப் போகும். கீழ் அம்பு சற்றுச் சரிவாகப் போகும். எனவே தூரம் கூடக்கூட இரண்டுக்கும் இடையே அகலம் கூடும். இரண்டும் உடம்பில் தைத்தால்தான் சுற்று முழுமையாகும், மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்கு உடம்பின் வழியாக ஓடும். ஒருமுறை அழுத்தினால் 5 விநாடி ஓடி நிற்கும். அழுத்தியபடியே இருந்தால் நிற்காது. 2003இல் வந்து பல ஆண்டுகள் உலகெங்கும் போலீஸார் இடுப்பில் தொங்கிய எக்ஸ்26 மாதிரியின் கணக்கு இது. டேசர் மரணங்கள் பற்றிய விவாதத்தில் பெரும் பகுதி இந்த ஒரு மாதிரியைச் சுற்றித்தான் நடந்தது.

50,000 வோல்ட் என்று செய்தித்தாள்கள் எழுதுவதைப் படித்து மிரள வேண்டாம். சட்டையின் தடிப்பையும் காற்றின் இடைவெளியையும் பொறியாகத் தாண்டுவதற்குத்தான் அந்த அழுத்தம். முள் தோலில் தைத்தபின் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 1,200 வோல்ட். அதுவும் தொடர்ச்சியாக அல்ல. விநாடிக்கு 19 மின்துடிப்புகள், ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம். சராசரியாகப் பார்த்தால் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியரை ஒட்டித்தான் வரும்.

வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். நம் வீட்டில் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு அரைச் சுழற்சியும் 10 மில்லி விநாடி நீடிக்கும். ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர் சாவதற்குக் காரணம், அந்தச் சுழற்சியின் நீளம் இதயத் தசைக்குத் தோதாக அமைந்துவிடுவதுதான். கைகால்களை இயக்கும் நரம்பு மிகக் குறுகிய தூண்டுதலுக்கே சிலிர்த்துவிடும். ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும். இதயத் தசை மந்தமானது. அதைக் கிளப்ப அதே அளவு மின்னோட்டம் சில மில்லி விநாடிகளாவது நீடிக்க வேண்டும். டேசரின் மின்துடிப்பு நரம்பின் கணக்குக்கு வெட்டப்பட்ட அளவு. அதனால்தான் ஆள் மரக்கட்டை போல விறைத்து விழுகிறான், இதயம் பெரும்பாலும் தன் போக்கில் துடித்துக்கொண்டிருக்கிறது. இது விளம்பரப் பேச்சு அல்ல, நல்ல உடலியங்கியல். இதை மறுத்துவிட்டு டேசரை விமர்சிக்கப் போகிறவர் முதல் படியிலேயே சறுக்குவார்.

ஆனால் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் போட்டேன். குறுகிய துடிப்பு இதயத்தைத் தூண்டவே தூண்டாது என்பதில்லை. அதற்குக் கூடுதல் மின்னோட்டம் தேவை, அவ்வளவுதான். அந்தக் கூடுதல் எப்போது கிடைக்கும்? முள் இதயத்துக்கு மிக அருகில் தைக்கும்போது. முள்ளைச் சுற்றி மின்னோட்டம் அடர்ந்திருக்கும், விலகிப்போகப் போக வேகமாக நீர்த்துவிடும். மார்பெலும்பின் இடப்பக்கம் விலாவுக்கு அடியில் இதயம் தோலுக்குச் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மெலிந்த உடம்பில் இன்னும் அருகே. பருமனான உடம்பில் கொழுப்பும் தசையும் இடையே நிற்கும். முதுகில் சுட்டால் தடித்த தசையும் முதுகெலும்பும் நுரையீரலும் குறுக்கே வரும். ஆகவே மெலிந்த இளைஞன் ஒருவனின் மார்பில் ஒரு முள், வயிற்றில் ஒரு முள் என்றால், மின்சாரம் ஓடும் பாதை இதயத்தின் மேலேயே போகிறது. பருமனான ஒருவரின் முதுகில் இரண்டு முட்கள் என்றால் அது முற்றிலும் வேறு சூழ்நிலை. கருவி ஒன்றுதான், அழுத்திய விசையும் ஒன்றுதான்.

இதற்குச் சான்று முதலில் பன்றிகளிடமிருந்து வந்தது. டொரண்டோவின் இதய மருத்துவர் குமாரசாமி நந்தகுமாரும் அவரது குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, ஆனால் பலமானது. ஆறு பன்றிகளுக்கு 150 முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மார்பின் குறுக்கே கொடுத்த 94இல் 74 முறை மின்துடிப்பு இதயத்தைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொண்டது. வயிற்றின் குறுக்கே கொடுத்த 56இல் ஒருமுறைகூட அப்படி நேரவில்லை. அட்ரீனலின் செலுத்தி, பயந்தும் போராடியும் களைத்த உடம்பின் நிலையைப் போலச் செய்தபோது ஒரு பன்றிக்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வந்தது. இதயத்தின் கீழறைத் தசைகள் ஒன்றோடொன்று இசையாமல் சும்மா நடுங்கி, ரத்தத்தை வெளியே தள்ளாமல் போகும் நிலை அது. சில விநாடிகளில் நினைவு தப்பும். நிமிடங்களில் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்காவிட்டால் மரணம்தான்.

நிறுவனத்தின் தரப்பு உடனே சொன்ன மறுப்பிலும் நியாயம் உண்டு. பன்றியின் இதயத்தில் மின்சாரத்தைப் பரப்பும் இழைகள் சுவரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம்வரை ஊடுருவிச் செல்கின்றன. மனித இதயத்தில் அவை உள்பக்கத்தோடு நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் பன்றி இதயம் நம்முடையதைவிட எளிதில் மசியும். சரி, மனிதரிடம் என்ன தெரியும்?

மனிதரிடம் கிடைத்த சான்று தற்செயலானது. பேஸ்மேக்கர் பொருத்தியிருந்த ஒருவரை அமெரிக்கப் போலீஸ் டேசரால் சுட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேஸ்மேக்கரின் நினைவகத்தில், மின்சாரம் ஓடிய அந்த விநாடிகளில் கீழறை அதிவேகமாகத் துடித்தது பதிவாகியிருந்தது. 2007இல் மருத்துவ இதழில் வெளியான அந்தப் பதிவு, மனித இதயத்தை டேசர் பிடித்துக்கொள்ள முடியும் என்பதைக் காட்டியது. பிறகு, நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்களே புதிய மாதிரி ஒன்றைத் தன்னார்வலர்களிடம் சோதித்தபோது ஒருவரின் இதயம் அதே போலத் தாளம் மாறியதை அல்ட்ராசவுண்டில் கண்டார்கள். அந்தக் கருவியின் வடிவமைப்பை மாற்றினார்கள்.

இங்கே கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இதயத்தைப் பிடித்துக்கொள்வது வேறு, நடுக்கத்தில் தள்ளுவது வேறு. விநாடிக்கு 19 என்றால் நிமிடத்துக்கு 1,140. எந்த இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மின்துடிப்புக்கு ஒருமுறை என்று அது பதில் தரும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 200க்கும் 400க்கும் இடையே. 5 விநாடியில் மின்சாரம் நின்றால் ஆரோக்கியமான இதயம் பெரும்பாலும் பழைய தாளத்துக்குத் திரும்பிவிடும். 30 விநாடி அப்படியே ஓடினால்? அந்த வேகத்தில் இதயம் நிரம்ப நேரமில்லை, ரத்த அழுத்தம் விழுகிறது, இதயத் தசைக்கே ரத்தம் போதாமல் போகிறது, நடுக்கத்துக்கான வாசல் திறக்கிறது. ஏற்கெனவே தழும்போ வீக்கமோ உள்ள இதயமாக இருந்தால் வாசல் இன்னும் அகலம். எத்தனை விநாடி என்ற கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை இதுதான். இடமும் நேரமும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

இவ்வளவும் இயங்குமுறை. நடைமுறையில் எவ்வளவு அரிது? இதில் எண்களை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் காதில் விழாமல் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் பல காவல்துறைகளிலிருந்து திரட்டிய 1,201 டேசர் நிகழ்வுகளை அவசரசிகிச்சை மருத்துவர் வில்லியம் போஸ்மனின் குழு ஆராய்ந்து 2009இல் வெளியிட்டது. 1,198 பேருக்குக் காயமே இல்லை, அல்லது சிறு காயம். இறந்த இருவரின் மரணத்துக்கும் டேசர் காரணமல்ல என்றது ஆய்வு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் பத்தாயிரத்தில் ஒன்று நடக்கக்கூடிய விபத்தை ஆயிரம் பேரிடம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முட்கள் இரண்டும் உடம்பின் முன்புறம் இதயத்துக்கு இருபக்கமும் விழுந்த நிகழ்வுகள் அந்த 1,201இல் சிறு பகுதிதான். பாதுகாப்பைப் பற்றி அந்த ஆய்வு சொல்வது உண்மை. அரிய விபத்தைப் பற்றி அதனால் அதிகம் சொல்ல முடியாது.

மறுபக்கம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017இல் செய்த கணக்கெடுப்பு. போலீஸ் டேசர் பயன்படுத்தியபின் அமெரிக்காவில் இறந்தவர்கள் 1,005 பேர் என்று அது தொகுத்தது. அவர்களில் 153 பேரின் பிரேதப் பரிசோதனையில் டேசர் காரணம் என்றோ, துணைக்காரணம் என்றோ எழுதப்பட்டிருந்தது. முதல் எண்ணை மட்டும் தலைப்பாக்கி டேசர் ஆயிரம் பேரைக் கொன்றது என்று எழுதுவது தவறு. அந்த ஆயிரத்தில் மெத்தாம்பெட்டமைன் உட்கொண்டவர் உண்டு, குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி உட்கார்ந்ததால் மூச்சுத் திணறியவர் உண்டு, துப்பாக்கிக் குண்டு பட்டவரும் உண்டு. டேசருக்குப் பின் என்பதும் டேசரால் என்பதும் ஒன்றல்ல. அதே சமயம் 153 என்பது தள்ளிவிடக்கூடிய எண்ணும் அல்ல.

பிரேதப் பரிசோதனையின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். குண்டு பாய்ந்தால் துளை இருக்கும், விஷம் குடித்தால் ரத்தத்தில் தெரியும். மின்சாரத்தால் தாளம் கெட்டு நின்ற இதயத்தில் எந்தத் தடயமும் இராது. மேசையில் கிடக்கும் இதயம் எப்படி நின்றது என்று பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதனால் அவர் சூழ்நிலையை வைத்து ஊகிக்கிறார். ஊகத்துக்கு உதவக்கூடியது இரண்டு. ஒன்று, ஆள் எப்போது நினைவிழந்தார் என்பது. டேசரால் நடுக்கம் வந்திருந்தால் மின்சாரம் ஓடும்போதோ அடுத்த சில விநாடிகளிலோ அடங்கிவிடுவார். பத்து நிமிடம் திமிறிவிட்டுப் பிறகு மயங்கினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இரண்டு, ஆம்புலன்ஸ் வந்து எடுத்த முதல் ஈசிஜி. அதில் நடுக்கம் தெரிந்தால் மின்சாரத்தின் மீது சந்தேகம் வலுக்கும். நேர்கோடாக இருந்தால் வலு குறையும்.

குறையும் என்றுதான் சொல்கிறேன், போய்விடும் என்று சொல்லவில்லை. நடுக்கத்தில் இருக்கும் இதயம் கவனிப்பாரின்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடந்தால் அதுவும் நேர்கோட்டில்தான் முடியும். கைவிலங்கு மாட்டி, நடிக்கிறான் என்று காத்திருந்து, பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஈசிஜி எடுப்பதற்குள் சான்று அழிந்திருக்கும்.

இந்த இடைவெளியில்தான் இரண்டு பெயர்கள் 2012க்குப் பிறகு நேருக்குநேர் நின்றன. இந்தியானா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் சைப்ஸ் இதயத் தாளக்கோளாறுத் துறையில் உலகமே மதிக்கும் பேராசிரியர். மார்பில் எக்ஸ்26 முள் தைத்து உடனே நினைவிழந்த எட்டுப் பேரின் விவரங்களைத் தொகுத்து, இவர்களுக்கு டேசர்தான் காரணம் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் சர்க்குலேஷன் இதழில் எழுதினார். மார்க் க்ரோல் உயிர்மருத்துவப் பொறியாளர். எட்டுப் பேரை வைத்து இப்படிச் சொல்ல முடியாது, போதையும் இதய நோயும் இருந்தவர்கள் அதில் உண்டு, தற்செயலுக்கும் காரணத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2014இல் அதே இதழில் எழுதினார்கள். வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது: சைப்ஸ், டேசர் நிறுவனத்துக்கு எதிரான வழக்குகளில் கட்டணம் பெற்ற நிபுணர் சாட்சி. க்ரோல் அப்போது அதே நிறுவனத்தின் இயக்குநர் குழு உறுப்பினர். இருவரும் அதை மறைக்கவில்லை. மறைக்கவில்லை என்பதால் மட்டும் அவர்கள் வாதத்தின் எடை குறையாமல் இருந்துவிடாது.

இது இருவரோடு முடிகிற விஷயமும் அல்ல. டேசர் பற்றிய 50 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து யார் பணம் கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்த்தது 2011இல் வெளியான ஒரு கட்டுரை. நிறுவனத்தின் நிதியோ தொடர்போ உள்ள ஆய்வுகளில் 96 சதவீதம் கருவி பாதுகாப்பானது என்ற பக்கம் முடிந்தன. தொடர்பில்லாதவற்றில் 55 சதவீதம். இதைப் பார்த்து முதல் வகை எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. கேள்வியை எப்படி அமைக்கிறார்கள் என்பதில்தான் சாய்வு நுழைகிறது. பயிற்சிக்கு வந்த இளம் காவலர்களை, பெரும்பாலும் முதுகில், 5 விநாடி சுட்டுவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த வாக்கியம் உண்மைதான். தெருவில் நடப்பதைப் பற்றி அது பேசவில்லை.

மரணச் சான்றிதழ்களில் இன்னொரு திரையும் இருந்தது. போலீஸ் பிடியில் திமிறி இறந்தவர்களுக்கு 'எக்ஸைட்டட் டிலிரியம்' என்று, அதாவது கட்டுக்கடங்காத பித்தவெறி என்று, காரணம் எழுதும் வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. இறந்தவரின் உடம்பே அவரைக் கொன்றது என்பது அதன் உட்பொருள். டேசர், கழுத்துப்பிடி, முதுகில் ஏறிய முழங்கால் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். அமெரிக்க அவசரசிகிச்சை மருத்துவர் கல்லூரி 2009இல் இதை ஆதரித்து அறிக்கை வெளியிட்டு, 2023இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு கலிஃபோர்னியா மாநிலம் இதை மரணக் காரணமாக எழுதக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அந்தத் திரை இருந்த காலத்தின் புள்ளிவிவரங்கள் இன்னும் ஆய்வுகளில் உலவுகின்றன என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

காவல்துறைகளும் நிறுவனமும் சும்மா இருந்துவிடவில்லை. 2007 அக்டோபரில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், ஆங்கிலம் தெரியாமல் பத்து மணி நேரம் தவித்து நின்ற போலந்துக்காரர் ஒருவரைப் போலீஸார் ஐந்து முறை டேசரால் தாக்கினார்கள். அவர் அங்கேயே இறந்தார். பயணி ஒருவர் எடுத்த வீடியோவை நாடே பார்த்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையிலான விசாரணை 2009இல் தந்த முதல் அறிக்கை, இந்தக் கருவி மரணத்தை விளைவிக்கக்கூடும் என்றும் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த முடிவை ரத்துசெய்யக் கோரி நிறுவனம் நீதிமன்றம் போய்த் தோற்றது. இடையில், 2009 அக்டோபரில், முடிந்தவரை மார்பைத் தவிர்த்துக் கீழே குறிவையுங்கள் என்று நிறுவனமே பயிற்சிக் குறிப்பு அனுப்பியது. ஆபத்து மிக மிகக் குறைவு, சர்ச்சையைத் தவிர்க்கவே இந்த மாற்றம் என்பது அதன் விளக்கம். காரணம் எதுவானாலும் ஆலோசனை சரியானது. ஒரு முள் இடுப்புக்கு மேலே, ஒரு முள் கீழே என்றால் தொடைத் தசையும் சேர்ந்து விறைத்து ஆள் எளிதில் விழுவார், இதயமும் பாதையில் வராது. போலீஸ் எக்ஸிக்யூட்டிவ் ரிசர்ச் ஃபோரம் என்ற அமெரிக்க அமைப்பு 2011இல் கொடுத்த வழிகாட்டலும் இதே திசைதான்: மொத்தம் 15 விநாடியைத் தாண்டினால் மரணமோ கடும் காயமோ நேரும் ஆபத்து கூடலாம் என்று உணர்ந்து செயல்படுங்கள்.

கருவியும் மாறியது. எக்ஸ்26இன் ஒரு மின்துடிப்பு 100 மைக்ரோகூலம் அளவு மின்னூட்டம் தந்தது. பின்னால் வந்த எக்ஸ்2, எக்ஸ்26பி மாதிரிகள் 60ஐ ஒட்டித் தருகின்றன. இதயத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது முன்னேற்றம். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்திருக்கலாம். டேசர் பலிக்காமல் போய், பிறகு போலீஸ் துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற 250க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை, 2015 முதல் 2017 வரையிலான மூன்றாண்டுகளில் மட்டும், ஏபிஎம் ரிப்போர்ட்ஸ் என்ற ஊடக நிறுவனம் தொகுத்தது. முட்கள் நெருக்கமாகத் தைத்தால் போதிய தசை விறைக்காது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்பார்கள். விறைக்காவிட்டால் காவலர் மறுபடி அழுத்துவார், மறுபடியும் அழுத்துவார். பலிக்காத டேசர்தான் 5 விநாடியை 30 விநாடியாக்குகிறது. பாதுகாப்பையும் பலனையும் தனித்தனியாகப் பேசுகிறவர்கள் இந்த முடிச்சைக் காண்பதில்லை.

விதி எழுதியாயிற்று, கருவி மாற்றியாயிற்று. விரலுக்கு யார் பொறுப்பு? 2014இல் மிசௌரி மாநிலத்தில் காரில் வந்த 17 வயதுப் பையன் ஒருவனின் மார்பில் டேசர் 20 விநாடிக்கும் மேலாக ஓடியது. அவன் இதயம் நின்றது. மருத்துவமனையில் மீட்டார்கள், மூளைப் பாதிப்போடு பிழைத்தான். அவனுடைய அப்பாவே போலீஸ்காரர். டேசரால் சுட்ட காவலர் சிறை சென்றார். 2016இல் இங்கிலாந்தின் டெல்ஃபர்டில் முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சனைக் காவலர் பெஞ்சமின் மங்க் 33 விநாடி தொடர்ச்சியாக டேசரில் பிடித்தார், விழுந்தபின் தலையில் உதைத்தார். அட்கின்சனுக்கு ஏற்கெனவே சிறுநீரகமும் இதயமும் பழுதுபட்டிருந்தன. 2021இல் மங்க்குக்கு எட்டு ஆண்டுச் சிறை. இரண்டு நிகழ்விலும் கருவி 5 விநாடியில் தானே நிற்கும்படி செய்யப்பட்டிருந்தது. நிற்கவிடாமல் பிடித்தது கை.

இதயத்தைப் பற்றியே பேசியதால் விழுகையை விட்டுவிடக் கூடாது. விறைத்த உடம்பு கையை ஊன்ற முடியாமல் தலைகுப்புற விழும். 2023இல் ஆஸ்திரேலியாவின் கூமாவில், முதியோர் இல்லத்தில் நடைவண்டியைப் பிடித்தபடி கையில் கத்தியோடு நின்ற 95 வயது மறதிநோய் மூதாட்டி டேசரால் விழுந்து, மண்டையில் அடிபட்டு இறந்தார். அங்கே இதயத்தின் கேள்வியே எழவில்லை.

நம் ஊர்க் காவலர் கையில் இன்னும் பெரும்பாலும் லத்திதான். ஆனால் டொரண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தக் கருவியைத் தினமும் போலீஸாரின் இடுப்பில் பார்க்கிறார்கள். இங்கேயும் என்றாவது அது வரும்போது, உயிருக்கு ஆபத்தில்லாத ஆயுதம் என்ற ஒற்றை வரியோடு வரும். அப்போது கேட்க வேண்டியவை மிக எளிய விஷயங்கள். ரோந்து வண்டியில் ஏஇடி என்ற தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் இருக்குமா? டேசரால் நடுக்கம் வந்திருந்தால் அதை முதல் சில நிமிடங்களில் திருப்பக்கூடிய ஒரே கருவி அது. சுட்டபின் ஆள் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது யார் கடமை?

யாராவது இறந்தால் விசாரணை அதிகாரி முதல் நாளே கைப்பற்ற வேண்டியது மூன்று. முட்களை எடுப்பதற்கு முன் அவை தைத்த இடத்தின் புகைப்படம். ஆம்புலன்ஸின் முதல் ஈசிஜித் தாள், நேரக் குறிப்போடு. கருவியின் உள்பதிவேடு: விசை எப்போது அழுத்தப்பட்டது, எத்தனை விநாடி நீடித்தது என்று ஒவ்வொரு அழுத்தத்தையும் அது எழுதி வைத்திருக்கும். அதைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விசை அழுத்தியிருந்த நேரம் எல்லாம் உடம்பில் மின்சாரம் ஓடியதாகக் கொள்ள முடியாது. கம்பி அறுந்தோ முள் கழன்றோ இருந்தால் கருவி வெறுங்காற்றில் சடசடத்துக்கொண்டிருக்கும். புதிய மாதிரிகள் ஒவ்வொரு மின்துடிப்பும் உடம்புக்குள் சென்றதா என்பதையும் சேர்த்துப் பதிகின்றன. பழையவற்றில் அது இல்லாததால், அழுத்திய விநாடிகளைக் காவலரின் சட்டைக் கேமரா ஒலியோடும் கீழே கிடந்தவரின் தசை விறைப்போடும் ஒப்பிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.